புனவாயில்: நெய்தலும் பாலையும்

தேவாரத் திருப்பதிகங்களில் ஊர்களைப் பற்றி வரும் வருணனைப் பகுதிகளுக்கு ஆராய்ச்சியாளர் உரிய மதிப்பு அளித்திலர் என்பது எம் கருத்து. அன்பர் அவற்றை இசையோடு ஓதி மகிழ்வர். பொருளை நின்று நோக்குவதிலர். புலவரோ, பொழிலும் பொய்கையும் வண்டும் மலரும் எல்லா ஊர்க்கும் பொதுவாகப் பாடப்பெறுவன என்றும், அவை பாட்டின் அடியை நிரப்ப வந்த மரபுத் தொடர்கள் என்றும் கூறி அப்பாற் செல்வர். யாமும் பல்லாண்டுகள் வகுப்பறையில் அவ்வாறே கற்பித்து வந்தோம். அக்கருத்துப் பிழைபட்டது என்பதை எமக்கு உணர்த்தியது ஒரு நூலன்று, ஓர் ஊர். புதுக்கோட்டை மாவட்டத்தின் தென்கிழக்கு மூலையில், கடலையடுத்துப் பாம்பாற்றங்கரையில் அமைந்த திருப்புனவாசல் என்னும் சிற்றூரே அது. அவ்வூரைப் பாடிய இரு பதிகங்களை நிலத்தோடு பொருத்தி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. ஊரும் வழியும்

புதுக்கோட்டை என்றவுடன் கடல் எவர் நினைவிற்கும் வருவதில்லை. 1948-இல் இந்திய ஒன்றியத்தோடு இணைந்த பழைய தனியரசுக்குக் கடற்கரை இல்லை. 1974-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் புதுக்கோட்டை மாவட்டம் அமைந்தபோதுதான், ஏறத்தாழ 40 கி.மீ. நீளமுள்ள கடற்கரை அப்பெயரோடு சேர்ந்தது. கட்டுமாவடி, மணமேற்குடி, செகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம், மீமிசல் என ஊர்கள் வரிசையாக அமைந்த கரை அது. பாறை துருத்தி நின்று பேரலை மோதும் கரையன்று. பாக்கு நீரிணைக் கடல் ஆழமற்றது, அலை அடங்கியது. எனினும் இக்கரையை மென்மையானது என்று கூறுதல் பொருந்தாது. இதன் கடுமை கல்லில் இல்லை. உப்பேறிய சேற்றிலும், நிழலற்ற மணலிலும், வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் வெடித்துக் கிடக்கும் கண்மாய்களிலும் உள்ளது. 2018-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் வீசிய கசாப் புயல் இம்மாவட்டத்துத் தென்னைகளையும் பலாக்களையும் வேரொடு சாய்த்ததை நேரிற் கண்டோர் இந்நிலத்தின் வன்மையை அறிவர்.

சித்திரைத் திங்களில் ஒருநாள், ஆராய்ச்சி மாணவர் இருவருடன் அறந்தாங்கியிலிருந்து புறப்பட்டு, ஆவுடையார்கோயில் வழியாக உள்நாட்டுச் சாலையிற் சென்றோம். மாணிக்கவாசகரோடு தொடர்புடைய திருப்பெருந்துறை ஆகிய ஆவுடையார்கோயிலிற் சிற்பம் காண வருவோர் பலர். அங்குள்ள கொடுங்கைகளில், மரச் சட்டங்களையும் அவற்றைப் பிணைக்கும் ஆணிகளையும் கல்லிலேயே வடித்துக் காட்டியுள்ளனர். அண்ணாந்து நோக்குவோர், இது கல்லோ மரமோ என மயங்கி, 'உள்ளதை உள்ளவாறே செய்தான்' என்று சிற்பியைப் புகழ்வர். எம்முடன் வந்த மாணவருள் ஒருவரும் அவ்வாறே வியந்தார். சிற்பியின் உளி கண்டதைக் கண்டவாறு வடிக்கும் என நம்புகின்ற நாம், புலவனின் கண் கண்டதைக் கண்டவாறு பாடும் என நம்பத் தயங்குவது ஏன் என்னும் வினா அங்கேயே எமக்குள் எழுந்தது.

ஆவுடையார்கோயிலிற் கூடும் கூட்டத்திற் சிறு பகுதியும் திருப்புனவாசலுக்கு வருவதில்லை. முற்பகலில் யாம் சென்ற வேளை கோயிற் பணியாளர் ஒருவரையன்றி வேறெவரும் அங்கு இலர். பழம்பதிநாதர் எனவும் விருத்தபுரீசுவரர் எனவும் வழங்கும் இறைவரின் திருமேனி மிகப் பெரியது. ஆவுடையார் அதனினும் பன்மடங்கு பெரியது. இலிங்கத்துக்குச் சுற்ற மூன்று முழத் துணி போதும், ஆவுடையாருக்கு முப்பது முழம் வேண்டும் என்னும் பொருள்பட அவ்வூரார் ஒரு பழமொழி கூறுவர். நந்தியும் அப்பெருமைக்கு ஏற்பப் பெரியதே. இத்துணைப் பெரிய கலைச்செல்வத்தைத் தன்னகத்தே வைத்துக்கொண்டு இத்துணை அமைதியாக இருக்கும் ஊரை யாம் பிறிதொன்று கண்டிலேம். அவ்வமைதியில் அமர்ந்து இரு பதிகங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக ஓதினோம். ஓதி முடித்தபின் மாணவர் ஒருவர் கேட்டார்: 'ஐயா, இவ்விரண்டும் ஒரே ஊரைப் பற்றியனவா?' அவ்வினாவிலிருந்தே இவ்வாராய்ச்சி தொடங்குகிறது.

2. சம்பந்தர் கண்ட ஊர்

பாண்டிநாட்டுப் பாடல்பெற்ற பதினான்கு தலங்களுள் புனவாயிலும் ஒன்று. ஏழாம் நூற்றாண்டினரான திருஞானசம்பந்தர் பாடிய பதிகம் மூன்றாம் திருமுறையில் பதினோராவதாக அமைந்துள்ளது, பண் காந்தாரபஞ்சமம். முதற்பாட்டிலேயே புன்னை மலர் பொன்னை உதிர்க்கும் ஊர் என்று புனவாயிலை அவர் அறிமுகப்படுத்துகிறார். அடுத்துக் கண்டலும் ஞாழலும் நிற்கும் கடற்கானலையும், தாமரை மலரும் பொய்கையையும் ஒருங்கே காட்டுகிறார்.

புன்னை, ஞாழல், கண்டல், கானல் ஆகிய நான்கும் நெய்தலின் கருப்பொருள்களாகச் சங்கப் பாடல்களிற் பயின்றவை. எனவே, 'கடற்கரையூர் என்று கேள்வியுற்றார். நெய்தல் மரபை எடுத்து வைத்தார்' என்று கூறிவிடுதல் எளிது. ஆனால் இரண்டு செய்திகளை நோக்குக. புன்னையின் இதழ் வெண்மையானது. அதன் நடுவே திரண்டு நிற்கும் மகரந்தத் தாள்களே பொன்னிறம் உடையவை. காற்றில் உதிர்ந்து தரையிற் படிவது அப்பொன்னே. இம்மரத்தின் அடியில் நின்றவர்க்கு 'பொன்னை உதிர்த்தல்' என்பது வெற்று உருவகமாகத் தோன்றாது. இஃது ஒன்று.

உவர்நிலத்துக் கண்டலையும் நன்னீர்த் தாமரையையும் ஒரே காட்சியில் வைத்தது மற்றொன்று. உவரும் நன்னீரும் அடுத்தடுத்து நிற்றல் மரபறியாப் பிழை என்று ஐயுறுவார் உளர். இக்கரையை அறிந்தவர் ஐயுறார். கழிக்குச் சற்று உள்ளே வந்தால் மழைநீரைத் தேக்கிய ஊருணிகளும் கண்மாய்களும் உள்ளன. உப்பங்கழியின் பக்கத்திலேயே குடிநீர் ஊருணி இருப்பது இப்பகுதியின் இயல்பான அமைப்பு. ஆகவே சம்பந்தர் இவ்வடியில் நெய்தல் மரபைச் சொல்லிச் செல்லவில்லை. மரபுச் சொற்களைக் கொண்டு இவ்வூரைச் சொல்கிறார் என்பது பெறப்படும்.

3. சுந்தரர் கண்ட ஊர்

சம்பந்தர்க்கு ஒரு நூற்றாண்டுக்குப் பிற்பட்டவரான சுந்தரரின் பதிகம் ஏழாம் திருமுறையில் ஐம்பதாவது, பண் பழம்பஞ்சுரம். அதனைத் திறந்தால் கடல் மறைந்துவிடுகிறது. மரப்பொந்திலிருந்து ஆந்தைகள் இடையறாது ஒலிக்கின்றன. மறவேடுவர் வணிகச் சாத்துக்களோடு பொருகின்றனர், அப்பூசல் ஓய்வதில்லை. கள்ளி வற்றுகிறது, புல் தீய்கிறது, வெப்பம் தாங்காத புள்ளிமான் இனம் ஒளிவதற்கு இடம் தேடி ஓடிவருகிறது. கருங்கோழி புற்றின்மேல் ஏறி நின்று கூவுகிறது.

பொருளிலக்கணம் பயின்றார்க்கு இது பாலை என்பதில் ஐயம் எழாது. மறவர் பாலையின் மக்கள். ஆறலைத்தல் அவர் தொழில். வேனில் அந்நிலத்துக்குரிய பெரும்பொழுது. பாலைக்குரிய பண்ணாகப் பஞ்சுரத்தை இலக்கண நூலார் கூறுவர்; இப்பதிகத்தின் பண்ணும் பழம்பஞ்சுரமே. ஆயினும் இப்பண்ணொற்றுமையை யாம் சான்றாகக் கொள்ள விரும்பவில்லை. காவிரிக் கரையிலுள்ள பாண்டிக்கொடுமுடிப் பதிகமும் அதே பண்ணில் அமைந்திருத்தலின், அஃது உறுதியான சான்று ஆகாது.

இப்பதிகத்தின் மற்றொரு சிறப்பு அதன் அமைப்பு. பல பாடல்களிலும் சுந்தரர் தம் நெஞ்சை விளித்து, இவ்வூரை நினைக்குமாறும், தம்மோடு உறுதி பூணுமாறும் வற்புறுத்துகிறார். தண்பொழிலும் புனலும் உடைய ஊருக்கு நெஞ்சை இவ்வாறு வற்புறுத்த வேண்டுவதில்லை. அது தானே செல்லும். செல்லத் தயங்கும் இடத்துக்கே வற்புறுத்தல் வேண்டும். எனவே நிலத்தின் கடுமையும் நெஞ்சுக்குக் கூறும் உரையும் இப்பதிகத்தில் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. வருணனையை நீக்கிவிட்டால் விளி வலுவிழக்கும். அடியை நிரப்ப வந்த தொடர் என்று ஒதுக்கப்பட்ட பகுதியே பாட்டின் உணர்ச்சிக்கு அடிப்படையாக இருத்தல் காண்க.

4. மரபு என்னும் மறுப்பு

இனி, மறுப்பாளர் கூறுவனவற்றை எண்ணுவோம். சுந்தரர் பதிகத்துக்கு முன்னுள்ள நாற்பத்தொன்பதாம் பதிகம் கொங்குநாட்டுத் திருமுருகன்பூண்டியைப் பற்றியது. அங்கும் வழிப்போக்கரைத் தாக்கிப் பொருள் பறிக்கும் வேடுவர் வருகின்றனர். ஆகவே வேடுவரைப் பாடுதல் சுந்தரரின் வழக்கம் என்றும், கொங்கின் காட்சியையே அவர் புனவாயிலுக்கும் ஏற்றினார் என்றும் ஒருவர் வாதிடலாம்.

இவ்வாதம் கருதத்தக்கதே. எனினும் இரு பதிகங்களையும் ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். முருகன்பூண்டியில் வேடுவரின் கொடுமையே பாட்டின் பொருள்; இத்தகைய இடத்தில் இறைவன் ஏன் இருக்கவேண்டும் என்று அவனையே வினவுவதாகப் பதிகம் செல்கிறது. புனவாயிலிலோ வேடுவர் பல காட்சிகளுள் ஒன்றாக மட்டுமே வருகின்றனர். மானும் ஆந்தையும் கோழியும் கள்ளியும் அவரோடு ஒப்ப நிற்கின்றன. அங்கு வினவப்படுவோன் இறைவன். இங்கு விளிக்கப்படுவது நெஞ்சு. ஒன்றன் படி மற்றொன்று எனக் கொள்வதற்கு இடமில்லை.

மேலும், மரபே காரணம் எனின் சுந்தரர் கையாண்டிருக்க வேண்டியது எது? கடலடுத்த ஊர்க்கு நெய்தல் மரபு ஆயத்தமாக இருந்தது. சம்பந்தர் பாடியும் வைத்திருந்தார். வளமான ஊர்களைப் பாடுமிடத்து வயலும் பொழிலும் காட்டுவதில் சுந்தரர் எவர்க்கும் இளைத்தவரல்லர். எளிய வழி இரண்டிருக்க, இரண்டையும் விடுத்துக் கடலோர ஊர்க்கு ஆந்தையையும் கள்ளியையும் பாடினார் எனின், மரபைக் காட்டிலும் வலிய ஒன்று அவரை அவ்வாறு பாடச் செய்தது எனல் வேண்டும். அது கண்ணாற் கண்ட காட்சியே என்பது எம் துணிபு.

5. வந்த வழி

ஒரே ஊர் இருவர்க்கும் இருவேறு நிலமாகத் தோன்றியது எவ்வாறு? மூன்று விடைகள் கூறலாம். இடைப்பட்ட நூற்றாண்டில் நிலம் மாறியிருக்கலாம். ஒருவர் மழைக்குப் பின்னும் மற்றவர் கோடையிலும் வந்திருக்கலாம். அன்றி, இருவரும் இருவேறு திசைகளிலிருந்து வந்திருக்கலாம். முதலிரண்டையும் யாம் மறுக்கவில்லை. கள்ளி வற்றும் காட்சி கோடையையே சுட்டுகிறது. மூன்றாவதற்குச் சேக்கிழாரின் பெரியபுராணம் துணைசெய்கிறது.

இராமேச்சுரத்தை வணங்கிய சம்பந்தர் திருவாடானை, திருப்புனவாயில் ஆகியவற்றை வழிபட்டு, அமைச்சர் குலச்சிறையாரின் ஊராகிய மணமேற்குடியை அடைந்தார் என்பது சேக்கிழார் கூறும் வழி. இது பெரும்பாலும் கடலைப் பற்றிச் செல்லும் வழியாகும். சுந்தரரோ சேரமான் பெருமாளோடு பாண்டிநாட்டுத் தலங்களை வணங்கி, திருச்சுழியலிலிருந்து கானப்பேர் சென்று, அங்கிருந்து புனவாயிலுக்கு வருகிறார். கானப்பேர் இற்றைக் காளையார்கோயில். அங்கிருந்து கிழக்கே வருபவர் வறண்ட உள்நாட்டைக் கடந்தே இவ்வூரை அடைதல் வேண்டும். கடல்வழி வந்தவர் கண்டலையும் புன்னையையும் கண்டார். காட்டுவழி வந்தவர் கள்ளியையும் மானையும் கண்டார்.

சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டினர். அவர் கூறும் பயண முறையை நேர்ச்சான்றாகக் கொள்ளல் ஆகாது என்பதை யாம் அறிவோம். பதிகங்களின் உள்ளடக்கத்தை நோக்கியே அவர் வழிகளை வகுத்திருத்தலும் கூடும். அவ்வாறாயின், இப்பதிகங்களின் நில வேறுபாட்டைச் சேக்கிழாரே உணர்ந்து போற்றினார் என்பது போதரும். அதுவும் எம் கருத்துக்கு அரணே.

யாமும் அறியாமலே இரு வழிகளையும் கண்டோம். செல்லும்போது மேற்கிலிருந்து சென்றோம். சாலையின் இருமருங்கும் முள்மரங்கள், நீரற்ற கண்மாய்கள், வெயில். அம்முள்மரங்களுட் பெரும்பாலன பிற்காலத்து வந்த சீமைக்கருவேல் ஆதலின், அவற்றைச் சுந்தரர் கண்டிரார். ஆயினும் வெம்மையும் வறட்சியும் அவர் கண்டவையே. மீளும்போது மீமிசல் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கு நோக்கி வந்தோம். கழிகளும், கரையேற்றிய படகுகளும், ஈரக் காற்றும் எதிர்ப்பட்டன. காலையிற் சுந்தரர் பதிகத்தின் வழியே சென்று மாலையிற் சம்பந்தர் பதிகத்தின் வழியே மீண்டோம் என்று மாணவர் கூறியது மிகையன்று.

6. ஊரின் பெயரும் தலமரங்களும்

குடவாயில் குடவாசல் ஆனாற் போலப் புனவாயில் புனவாசல் ஆயிற்று. புனம் என்பது காட்டு நிலம், புன்செய் நிலம் என்னும் பொருளது. வாயில் என்பது நுழைவிடம். கடலிலிருந்து நோக்குவார்க்குக் காடு தொடங்குமிடம் இது. காட்டிலிருந்து நோக்குவார்க்குக் காடு முடியுமிடம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய இரு முகங்களையும் ஊரின் பெயரே அடக்கி வைத்திருக்கிறது.

இதனினும் வலிய சான்று கோயிலிலேயே உள்ளது. பெரும்பாலான கோயில்களில் தலமரம் ஒன்றாக இருக்க, இக்கோயிலில் புன்னை, சதுரக்கள்ளி, குருந்து, மகிழ் என நான்கு மரங்களைத் தலமரங்களாகப் போற்றும் மரபு உள்ளது. புன்னை சம்பந்தர் பாடிய நெய்தல் மரம். கள்ளி சுந்தரர் பாடிய பாலைச் செடி. கள்ளியைக் கடவுள்மரமாகக் கொள்ளுதல் அரிது. இம்மரபு பதிகங்களைக் கேட்டுப் பிற்காலத்தில் அமைந்தது எனினும், நிலத்தைக் கண்டு தானே அமைந்தது எனினும், புனவாயிலார் தம் ஊரை ஒருதிணை ஊராகக் கருதவில்லை என்பது தெளிவு. புலவர் ஒப்பத் தயங்கியதை ஊரார் நெடுங்காலமாக ஒப்பி வழிபட்டு வந்துள்ளனர்.

7. திணைக் கோட்பாட்டுக்கு ஒரு குறிப்பு

தொல்காப்பியர் நால்வகை நிலத்தைக் கூறிப் பாலைக்குத் தனிநிலம் கூறாது விடுத்தார். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுத் திரிந்த வழிப் பாலை தோன்றும் என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். நெய்தலை ஒட்டிப் பாலை தோன்றுதலை இவ்விளக்கம் கூறவில்லை. திணைகள் தம்முள் மயங்குதலை ஏற்ற தொல்காப்பியர், நிலங்கள் ஒருங்கு மயங்குதலை ஏற்றிலர். ஆயின் புனவாயிலில் நிலமே அடுத்தடுத்து நிற்கிறது. சங்கப் பாடல்களில் நெய்தல் நிலத்து உமணர் உப்பு வண்டிகளோடு பாலை வழிகளைக் கடந்து செல்லும் காட்சி பலகால் வருகிறது. கடலும் சுரமும் ஒரு வழியால் இணைந்தவை என்பதைச் சான்றோர் அறிந்திருந்தனர். சுந்தரர் பாடும் சாத்து அவ்வுமணர் வழியின் தொடர்ச்சி எனக் கருத இடமுண்டு. பழந்துறைமுகமாகிய தொண்டி இவ்வூர்க்குத் தெற்கே அண்மையில் இருத்தலும் ஈண்டு நினையத்தக்கது. வருணனை என்று தள்ளப்பட்ட ஒரு சொல் வணிக வரலாற்றுக்கு வாயில் திறக்கிறது.

8. முடிபு

இதுகாறும் கூறியவற்றால், புனவாயிற் பதிகங்கள் இரண்டும் மரபுச் சொற்களைக் கையாண்டனவேனும், கண்ட நிலத்தையே பாடின என்பதும், இரண்டும் தம்முள் மாறுபட்டன அல்ல, ஒன்றையொன்று நிரப்புவன என்பதும் பெறப்பட்டன. ஓரூர்ச் சான்றைக்கொண்டு தேவாரம் முழுமைக்கும் விதி கூறுதல் தகாது. பொதுமரபாகவே நிற்கும் வருணனைகளும் பல உள. எது கண்டது, எது கேட்டது என ஊர்தோறும் சென்று பிரித்தறிதலே இனிச் செய்யத்தக்கது.

அப்பணிக்குக் காலம் நெடிது இல்லை. இற்றை நாளில் கடற்கரைச் சாலையின் இருபுறமும் நிலம் விரைந்து மாறிவருகிறது. கண்டல் அழிந்த கழியும், ஊருணி தூர்ந்த ஊரும், கள்ளியை அறியாத தலைமுறையும் தோன்றிய பின்னர், இப்பதிகங்களைக் கற்பிப்போர் அவற்றை வெற்று மரபு என்று கூறுவதைத் தவிர வேறு வழி இராது. அவ்வாறு கூறுவோரைத் திருத்துவதற்குச் சான்றும் இராது. ஆதலின் திருமுறை பயிலும் மாணவர், நூலோடு ஒருமுறையேனும் அவ்வவ்வூர்க்குச் சென்று, மரத்தின் பெயரையும் நீர்நிலையின் பெயரையும் அவ்வூர் முதியோர் வாய்மொழியாற் கேட்டுப் பதிவு செய்தல் வேண்டும். அமைதியான ஊர் என்று எண்ணிச் சென்ற எமக்கு அவ்வூர் இரு குரல்களிற் பேசிற்று. எம் கருத்திற் பிழை உளதேல் அறிஞர் சுட்டுக, ஏற்றுத் திருத்திக்கொள்வோம்.